காணாமல் போன நூற்பட்டியல்

லேடெக் என்னும் ஆவண அமைப்பு மென்பொருளில் ஆய்வேட்டை முடித்துத் திறந்து பார்த்தால், நூற்பட்டியல் வரவேண்டிய பக்கத்தையே காணோம். மேற்கோள் எண் நிற்க வேண்டிய இடமெல்லாம் சதுர அடைப்புக்குள் கேள்விக்குறி. ஆண்டுக்கணக்கில் படித்துச் சேர்த்தவருக்கு நெஞ்சு பதறத்தான் செய்யும். ஆனால் நூல்கள் எங்கும் போய்விடவில்லை. நூல் விவரங்களைச் சேர்த்து வைத்த பிப் கோப்பில் அப்படியே இருக்கின்றன. கேட்டு வாங்கும் முறைதான் எங்கோ அறுந்திருக்கிறது.

லேடெக்கின் முதல் ஓட்டம் எந்தெந்த நூல் வேண்டும் என்று ஆக்ஸ் கோப்பில் குறித்து வைக்கும். அந்தக் குறிப்பைப் படித்துப் பட்டியலைக் கட்டுவது பிப்டெக் என்னும் துணை நிரல். அதன் பிறகு லேடெக்கை இன்னும் இருமுறை ஓட்டினால்தான் பட்டியலும் எண்களும் தத்தம் இடத்தில் அமரும். பெரும்பாலும் விட்டுப்போவது நடுவிலுள்ள அந்தப் பிப்டெக் ஓட்டம். இல்லையென்றால் நூலுக்கு இட்ட அடையாளப் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும்.

பதற்றம் தேடுவதற்கு முன் அழிக்கத் தொடங்கிவிடும். பொறுமையோ முதலில் படிக்கும். எந்த நூல் கிடைக்கவில்லை என்று பிப்டெக் தன் பிஎல்ஜி கோப்பில் பெயர் சொல்லியே எழுதி வைக்கிறது. யாரிடம் கற்றோம் என்று சொல்லும் பக்கம் நூற்பட்டியல். அது இல்லாமல் ஆய்வேடு முழுமை பெறாது. ஒப்படைக்கும் முன் பிஎல்ஜி கோப்பை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.