பெயர் சொல்லாத இரண்டு

எதை எண்ணி ஒரு காரியத்தைச் செய்தோம் என்று சொல்லிவைப்பதும் நம் கடமையா? கதை எழுதுகிற எனக்கு இந்தச் சந்தேகம் கணிப்பொறியிடமிருந்து வந்தது என்றால் சிரிப்பீர்கள்.

நியூஸிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் என்ற இருவர் 1990-களின் தொடக்கத்தில் புள்ளியியல் கணக்குகளுக்காக ஒரு மொழியை உண்டாக்கினார்கள். ‘ஆர்’ என்பது அதன் பெயர். ஒரு கட்டளைக்கு வேண்டிய விவரங்களை அதில் பெயர் சொல்லியும் கொடுக்கலாம், சொல்லாமலும் கொடுக்கலாம். பெயருள்ளவை முதலில் தத்தம் இடத்தில் அமர்ந்துவிடும். பெயரில்லாதவை மிச்சமுள்ள இலைகளில் வரிசையாக உட்காரும். பந்தி நடக்கிற மாதிரிதான்.

கூட்டும் கட்டளைக்கு 3, 5, 7 என்று கொடுத்தேன், 15 என்றது. சராசரிக்குரிய கட்டளை ‘மீன்’. தின்கிற மீன் அல்ல! அதற்கும் அவற்றையே கொடுத்தால் 5 அல்லவா வர வேண்டும்? 3 என்றது. முதல் எண்ணை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, இரண்டாவதை ‘ஓரங்களில் எவ்வளவு கத்தரிக்கலாம்’ என்ற இலையிலும், மூன்றாவதை ‘விடுபட்டவற்றை நீக்கலாமா’ என்ற இலையிலும் உட்கார்த்திவிட்டது. தவறு என்று ஒரு முனகல்கூட இல்லை.

இது வேடிக்கை. அடுத்தது வேடிக்கை அல்ல. சிறு மருத்துவமனை நடத்தும் நண்பர் ஒருவருக்கு, நோயாளிகள் எத்தனை நிமிஷம் காத்திருப்பார்கள் என்று ‘காமா’ப் பரவலை வைத்து மதிப்பிட்டுக் கொடுத்தேன். சராசரி ஒன்றரை நிமிஷத்தை ஒட்டி வந்தது. அதை நம்பி அவர் பெஞ்சுகளைக் குறைத்தார். சில மாதங்களில், “சுவரோரம் நிற்கிறார்களே ஐயா, கணக்கு சரிதானா?” என்று கேட்டார்.

பழைய கட்டளையைத் திறந்தேன். 3, 2 என்று இருந்தது. அந்த இடத்தில் வரும் 2-ஐ ஆர் மொழி ‘ரேட்’ என்று கொள்ளும். ‘ஸ்கேல்’ என்பது அதன் தலைகீழ். ரேட் 2 என்றால் சராசரி ஒன்றரை. ஸ்கேல் 2 என்றால் ஆறு. நான் எதை நினைத்து எழுதினேன்? எழுதியவனுக்கே தெரியவில்லை.

அப்போது மனம் ஒரு வழி காட்டிற்று. ‘ரேட் என்றுதான் எழுதினேன், உங்கள் நோயாளிகள்தாம் மாறிவிட்டார்கள்’ என்று சொல்லிவிடலாம். மறுக்க யாராலும் முடியாது. பெயரை எழுதியிருந்தால் இப்படியோர் எண்ணமே எழுந்திராது. வரிசை தெரிந்தவர்களுக்குப் பெயர் வீண் என்கிறார்கள். கூட்டுகிற எண்களுக்கு முன்னால் ‘இவை எண்கள்’ என்று முழங்குவது அசட்டுத்தனம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு பொருள் கொள்ளக்கூடிய இடத்தில் பெயரை விடுகிறவன், பின்னால் தப்பிக்க ஒரு கதவைத் திறந்து வைக்கிறான். வைத்தது அவனுக்கே தெரியாமல் போகலாம்.

நோட்டுப் புத்தகத்தைத் தேடினேன். ‘ஸ்கேல்’ என்று என் கையெழுத்திலேயே கிடந்தது. அந்தப் பெயரைச் சேர்த்து மறுபடி கணக்கிட்டேன். ஏறக்குறைய ஆறு வந்தது. அதை நண்பரிடம் போய்ச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.