பரிசனத்தால் வரும் அச்சம்

உயிர்களைக் காத்தல் அரசின் கடன் என்பதில் எந்நூலாரும் முரணுவதில்லை. எவற்றினின்று காத்தல் என வினவின், பகைவரினின்றும் கள்வரினின்றும் கொடுவிலங்கினின்றும் என்பதே பெரும்பாலும் விடையாக வரும். சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணத்துத் திருநகரச் சிறப்பில் மனுவேந்தன் வரலாற்றிடை வைத்த விடை அவ்வளவில் நிற்பதன்று. குடிகளுக்கு நேரும் அச்சம் ஐவகைத்து என்றும், அவற்றுள் முதலாவது அரசன் தன்னால் வருவது, இரண்டாவது அவன்கீழ் வினைசெய்யும் பரிசனத்தால் வருவது, பகைவர் கள்வர் பிறவுயிர் என்பன அவற்றின் பின் வைத்து எண்ணப்படுவன என்றும் அங்கே பெறப்படுகின்றது. இவ்வைப்புமுறை யாப்பு நோக்கி நேர்ந்ததென்பாரும் உளராகலாம். அநபாய சோழனுக்கு முதலமைச்சராயிருந்து அரசியற் பொறையைத் தாங்கிய ஒருவர், பரிசனத்தின் இயல்பை அறியாது அதனைக் கள்வருக்கு முன்னே நிறுத்தினார் என்றல் பொருந்தாது.

கள்வனால் நலிந்தான் காவலனிடத்து ஓடுகின்றான். காவலனால் நலிந்தான் ஓடுதற்கு இடம் யாது? இவ்விரண்டாம் அச்சம் ஏனையவற்றினும் கொடிதாதற்குக் காரணம் இதுவே. கள்வன் கையிலுள்ள கோல் அவன் தானே எடுத்துக்கொண்டது. காவலன் கையிலுள்ள கோலோ குடிகள் நம்பிக் கொடுத்தது. அக்கோலால் விழும் அடி உடம்பை வருத்துவதோடு, முறையிடும் வாயையும் அடைத்துவிடுகின்றது.

சென்னையிலே திருவல்லிக்கேணிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நடுக்குப்பம் மீனவர் வாழும் சிறு குடியிருப்பு. திருவட்டீசுவரர் திருக்கோயிலுக்குச் செல்லும் அன்பர் பலர் அறிந்த இடமே அது. அதனை அடுத்துள்ளது ஐஸ் அவுஸ் காவல் நிலையம். (பனிக்கட்டிக் கிடங்காயிருந்து, பின்னர் 1897ஆம் ஆண்டில் விவேகானந்த அடிகள் தங்கிய மாளிகையின் பழம்பெயரே அந்நிலையத்துக்கும் வழங்குகின்றது.) 2017 ஜனவரியில், ஏறுதழுவலுக்கு இடப்பட்ட தடையை நீக்கவேண்டி மாணவரும் பிறரும் மெரினாக் கடற்கரையிற் பல நாள் அமைதியாக அமர்ந்திருந்தனர். அத்திங்கள் 23ஆம் நாட் காலையில் காவற்படை அவர்களை அகற்றத் தலைப்பட்டது. ஓடி வந்தோர் சிலருக்கு நடுக்குப்பத்தார் இடங்கொடுத்தனர். அன்று ஐஸ் அவுஸ் காவல் நிலையத்துக்குத் தீயிடப்பட்டது; நடுக்குப்பத்து மீன்சந்தையும் எரிந்தது. காவலுடை யணிந்தோரே வண்டிகளுக்குத் தீயிடுவதாகக் காட்டும் காணொளிகள் நாடெங்கும் பரவின. வீடு புகுந்து அடித்தனர் என்று அக்குப்பத்துப் பெண்கள் முறையிட்டனர்.

நிலையத்தைக் கொளுத்தியது குற்றம். சந்தையைக் கொளுத்தியோர் யாவராயினும் அதுவும் குற்றமே. கலகம் செய்தனர் எனப்பட்ட பலர் விரைவிற் சிறைப்பட்டனர். காவலர்மேல் எழுந்த குற்றச்சாட்டுக்களோ, ஓய்வுபெற்ற நீதிபதி இராசேசுவரன் தலைமையில் அமைந்த விசாரணை ஆணையத்தின் ஆராய்ச்சிக்கு விடப்பட்டன. ஆராய்ந்து துணிதல் நன்றே. அது வேண்டா என்பார் இலர். குடிமகன் செய்தான் எனப்பட்டதற்கு உடனே விலங்கும், காவலன் செய்தான் எனப்பட்டதற்கு நெடிய ஆராய்ச்சியும் என இருவேறு நடை அமைந்ததே ஈண்டு எண்ணற்பாலது.

மனுவேந்தன் மறுத்தது இவ்வேறுபாட்டையே. திருவாரூர் வீதியில் அரசிளங்குமரன் ஏறிவந்த தேர்க்காலிற் பட்டு ஆன்கன்று இறந்தது. குமரன் அதனை வேண்டிச் செய்தானல்லன், கண்டு நடுங்கினான், தந்தை அறியுமுன்னே கழுவாய் தேட முற்பட்டான். தாய்ப்பசு வாயில் மணியை அசைத்தது. செய்தி யுணர்ந்து துயருற்ற அரசனை நோக்கி அமைச்சர் கூறியதும் முறையற்ற உரையன்று. ஆவைக் கொன்றார்க்கு மறைநூல் வகுத்த பிராயச்சித்தம் உண்டு, அதனைச் செய்வித்தலே அறம் என்றனர். அரசன் அதற்கு இசைந்திலன். அவன் மறுத்தற்குக் காட்டிய காரணம் இரண்டு. கழுவாய் செய்தவனது பாவத்தைத் தீர்க்குமேயன்றிக் கன்றை இழந்த பசுவின் நோய்க்கு மருந்தாகாது என்பது ஒன்று. வேறொருவன் ஓருயிரைக் கொன்றால் அவனைக் கொல்லும் அரசு, தன் மகன் கொன்றவழிக் கழுவாயோடு விடுமாயின் உலகம் இகழும் என்பது மற்றொன்று.

இக்காலத்தும் பிராயச்சித்தங்கள் உள. ஆயுதப்படைக்கு மாற்றுதல், தற்காலிகப் பணிநீக்கம், துறைமுறை விசாரணை, ஊதிய உயர்வை நிறுத்துதல் என்பன அவை. இவையெல்லாம் துறை தன் உறுப்பினரைத் தானே திருத்திக்கொள்ளும் முறைகள், அவ்வளவில் வேண்டப்படுவனவே. அடியுண்டு இறந்தவனுடைய தாய்க்கு இவை என்ன விடை கூறும்? அவள் அசைத்த மணிக்கு உரிய மறுமொழி வழக்குமன்றத்திலன்றி வேறிடத்திற் பிறவாது.

மணியைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். தமிழ்நாட்டில் ஆட்சியர் மக்களிடம் மனுப்பெறும் நாளுக்கு ‘மனுநீதி நாள்’ என்றே பெயர். பெயர் நன்று. ஆயின் சோழன் மணியைக் கட்டியது தன் வாயிலில், தேரோட்டுவார் வாயிலிலன்று. காவலர்மேல் எழும் முறையீடுகளைக் கேட்கும் அமைப்புக்கு ஓய்வுபெற்ற நீதிபதியரே தலைவராதல் வேண்டும் என உச்சநீதிமன்றம் 2006 செப்டம்பரிற் பிரகாஷ் சிங் வழக்கில் ஆணையிட்டது. தமிழ்நாட்டில் 2013ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட காவற்றுறைச் சீர்திருத்தச் சட்டம், மாநில அளவில் உள்துறைச் செயலரைத் தலைவராகவும் காவற்றுறைத் தலைமை இயக்குநரை உறுப்பினராகவும், மாவட்ட அளவில் ஆட்சியரைத் தலைவராகவும் காவற் கண்காணிப்பாளரை உறுப்பினராகவும் வைத்தது. மணி உண்டு, அதன் நாவைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்பதே வினா.

காவலரை இங்ஙனம் ஒறுக்கத் தொடங்கின் படையின் ஊக்கம் குன்றும், கொடியவர் அஞ்சார் என்பாருளர். அமைச்சர் உள்ளத்தும் இவ்வச்சம் இருந்திருத்தல் கூடும். அரசனுக்கு அவன் ஒரே மைந்தன், அவனை இழப்பின் குலமே அற்றுப்போம். அரசன் குலத்தினும் முறையைப் பெரிதாகக் கொண்டான். இன்னும், ஒறுத்தல் என்பது பகையன்று. அரசன் செய்யும் தண்டமும் இறைவன் அருள்வழிப்பட்டதே என அருணந்தி சிவாசாரியார் சித்தியாரிற் காட்டியருளினார். மறக்கருணைக்கு உரியன் குடிமகன் ஒருவனே, காவலன் அல்லன் என்று கூறுதல், காவலனுக்கு அருளை மறுத்தலாய் முடியும்.

அடியுண்டவன் தீயன், அவன் வினையை அவன் நுகர்ந்தான் என்று கூறுவாருமுளர். இது சைவர் வாயிலும் சிற்சிலபோது கேட்கப்படுதலின் சிறிது விரித்துரைத்தல் தகும். வினை சடம், தானே சென்று பயனூட்டாது, ஊட்டுவான் முற்றறிவுடைய முதல்வன் ஒருவனே என்பது சித்தாந்தம். பிறனுடைய பழவினை இத்துணைத்து, அதன் பயன் இத்துணை அடி என்று துணிந்து கோலை ஓங்குபவன் இறைவனுடைய தொழிலைத் தன்மேல் ஏற்றிக்கொள்கின்றான். நுகர்ந்தவனுக்கு அது பிராரத்தமாயினும், செய்தவனுக்கு ஆகாமியமாய் ஏறாதொழியுமோ? அன்றியும், தண்டம் உசாவலின் பின்னது. காவல் நிலையம் உசாவி முடிக்கும் இடமன்று.

காவலில் வருத்தப்பட்டார் எல்லாரும் குற்றமுடையரே என்று கொள்ளும் சைவர், தாம் நாடோறும் வணங்கும் நால்வரை நினைத்தல் வேண்டும். அப்பரடிகளைப் பல்லவன் ஏவலர் ஏழுநாள் நீற்றறையில் அடைத்தனர். மணிவாசகப் பெருமானை, அரசன் பொருளுக்குக் கணக்குக் கேட்டுப் பாண்டியன் தண்டலாளர் வைகை மணலிற் சுடுவெயிலில் நிறுத்தினர் எனத் திருவிளையாடல் வரலாறு கூறும். இது புராணக் காலத்தோடு ஒழிந்த வழக்கன்று. வரிப்பாக்கிக்காகவும் குற்றத்தை ஒப்புவிக்கவும் குடிகளை வெயிலில் நிறுத்தியும் கிட்டியிட்டு நெரித்தும் வருத்தியதனை, சென்னை அரசாங்கம் அமைத்த சித்திரவதை விசாரணைக் குழு 1855ஆம் ஆண்டு அறிக்கையில் வெளிப்படுத்திற்று. 1,000க்கு மேற்பட்ட முறையீடுகள் அக்குழுவின்முன் வந்தன. வரித்தண்டலும் காவலும் ஒரே கையில் இருந்ததே கேட்டிற்கு ஏதுவெனக் கண்டு, 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் இரண்டனையும் பிரித்தனர். வைகையை அடுத்து, பாடல்பெற்ற திருப்பூவணத்துக்கு அணித்தாயுள்ள மடப்புரத்திலே, 2025 ஜூனில், பத்திரகாளியம்மன் கோயிற் காவலாளியாயிருந்த இளைஞர் ஒருவர் நகை காணாமற்போனது பற்றிய உசாவலில் அடியுண்டு உயிரிழந்தார். அவருடம்பிற் காயங்கள் 44 என்பதனை உயர்நீதிமன்றம் எடுத்துக்காட்டிற்று.

இனி, நம்பிக்கை. காவலரை மக்கள் நம்புதல் வேண்டும் என்று மேடைதோறும் கூறப்படுகின்றது. நம்புக என ஏவுதலால் நம்பிக்கை விளையாது. காட்சி, கருதல், உரை என அளவை மூன்றாதலைச் சித்தியாரின் தொடக்கத்தே பயில்வார் அறிவர். உரை அளவையாவது, அதனைக் கூறினான் மெய்யன் என்பது பற்றியே. இந்நாட்டுச் சட்டமோ காவலனை இவ்வகையில் மெய்யனாக ஏற்றிலது. காவலனிடம் கொடுத்ததாகக் கூறப்படும் குற்ற ஒப்புதலைச் சான்றாகக் கொள்ளலாகாது என 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் விதித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அவ்விதியை விட்டிலது. குளியலறையில் வழுக்கி விழுந்து கை முறிந்தது என்னும் செய்தியைக் கேட்டு மக்கள் நகைப்பதும் இதனோடு ஒக்கும். சட்டமும் சந்தைப் பெண்ணும் ஒரே ஐயம் கொள்ளுமிடத்து, குறை கேட்பாரிடத்து இல்லை.

தவறு செய்தலினும் கொடிது தவறு தோன்றாமற் செய்தல். புறவிருள் பிறபொருளை மறைத்தாலும் தன்னையேனும் காட்டும். ஆணவமோ தன்னையும் காட்டாது என உமாபதி சிவம் திருவருட்பயனில் உணர்த்தினார். 2020 ஜூன் 19ஆம் நாள், தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில், ஊரடங்குக் காலத்திற் கடையை உரிய நேரத்தில் அடைத்திலர் என்று செயராசு, பென்னிக்சு என்னும் தந்தையும் மகனும் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 22ஆம் நாள் மகனும் 23ஆம் நாள் தந்தையும் இறந்தனர். உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணைப்படி உசாவச் சென்ற நீதித்துறை நடுவர், அந்நிலையத்துக் கண்காணிப்புக் கருவியிற் பதிவை வைத்தற்கு இடம் மிக்கிருந்தும் நாடோறும் தானே அழியுமாறு அது அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். ஒளி தருதற்கு வைத்த விளக்கைக்கொண்டே இருளை ஆக்கிய திறம் இது! நடுவருக்கு அங்கே ஒத்துழைப்பின்மையும் இகழ்ச்சியுமே கிடைத்தன. நீதிபதியர் பிரகாஷும் புகழேந்தியும் நிலையத்தை வருவாய்த் துறையினரின் பொறுப்பில் வைக்குமாறு ஆணையிட்டனர். வருவாய்த் துறையின் கையினின்று 1859இற் பிரித்தெடுத்த காவல், சான்று அழியாமைப் பொருட்டு ஒரு நிலையத்தளவில் அத்துறையினிடமே மீண்டது. பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறை ஆராய்ந்து, அவ்வாண்டு செப்டம்பரிற் காவலர் ஒன்பதின்மர்மேற் குற்றப்பத்திரிகை அளித்தது.

மனுவேந்தன் வரலாற்றில் அமைச்சன் ஒருவன் உளன். குமரனைத் தேர்க்காலில் இடுக என அரசன் ஏவ, அவ்வேவலைச் செய்யவும் மறுக்கவும் மாட்டாது அவன் தன்னுயிரை நீத்தான். பரிசனத்துள் நல்லோனுக்கு அன்று இருந்த வழி அது ஒன்றே போலும். சாத்தான்குளத்து நிலையத்தில் அவ்விரவு பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் வேறு வழி கண்டார். உடன் பணிசெய்வோர் வெளியே நின்று மிரட்டும் குரல் கேட்க, முதலிற் கையொப்பமிட அஞ்சி, பின்பு அச்சந் தெளிந்து, விடியுமளவும் அடித்தனர் என்றும் கோலிலும் மேசையிலும் குருதிக்கறை உண்டென்றும் நடுவரிடம் வாக்குமூலம் அளித்து ஒப்பமிட்டார். நீதிமன்றம் அவருக்குப் பாதுகாப்பளிக்குமாறு பணித்தது. அவர் வீட்டு வாயிலிற் காவல் நிறுத்தப்பட்டோரும் காவலரே.