கிளாராவின் நாற்காலி

யோஹன்னா ஸ்பைரியின் 'ஹைடி' கதையில், ஆடு மேய்க்கும் பீட்டர் பொறாமை தாங்காமல், நடக்க இயலாத கிளாராவின் சக்கர நாற்காலியை ஆல்ப்ஸ் மலைச்சரிவில் தள்ளிவிடுகிறான். அது உருண்டு நொறுங்குகிறது. அதன் பிறகுதான் கிளாரா எழுந்து நடக்கிறாள். மலைக்காற்றும் ஆட்டுப்பாலும் அவளைத் தேற்றிவிடுகின்றன. 1881-இல் வந்த இந்தப் பகுதியைப் படித்தால் கண் கலங்கும். எனக்கும் கலங்கியது.

ஆனால், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அதைப் படிக்கும் குழந்தைக்கு எப்படி இருக்கும்? அந்த நாற்காலிதான் அந்தக் குழந்தைக்குக் கால். அதை ஒருவன் உடைக்கிறான். கதை அதையே நல்ல காலமாக்கிவிடுகிறது. 'தி சீக்ரெட் கார்டன்' கதையில் நடக்காத சிறுவன் காலினும் தோட்டத்துக்குள் நடக்கத் தொடங்கிவிடுகிறான். 1872-இல் வந்த 'வாட் கேட்டி டிட்' இன்னும் கடுமையானது. பெரியவர் சொல்லை மீறி ஊஞ்சலாடி விழுந்த கேட்டி, ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்து, பொறுமை கற்று, நல்ல பெண்ணாகிறாள், பிறகு நடக்கிறாள். மனம் திருந்தினால் நடை வரும் என்றால், நடை வராத பிள்ளை என்ன குற்றம் செய்தது?

கனடா எழுத்தாளர் ஜீன் லிட்டில் பிறந்ததிலிருந்தே பார்வை மிகக் குறைந்தவர். உடல் இயக்கக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு ஆசிரியராக இருந்தார். கதைகளில் வரும் அப்படிப்பட்ட பிள்ளைகள் கடைசியில் குணமாகிறார்கள், இல்லையென்றால் இறந்துபோகிறார்கள் என்பது அவரை உறுத்தியது. 1962-இல் 'மைன் ஃபார் கீப்ஸ்' எழுதினார். மூளை முடக்குவாதம் உள்ள ஒரு சிறுமி, சிறப்புப் பள்ளி விடுதியிலிருந்து வீடு திரும்புகிறாள். ஊர்ப் பள்ளிக்குப் போகவே பயம். அவளுக்கென்று வரும் நாயோ அவளைவிடப் பயந்த சுபாவம். அதைப் பழக்குகிறாள், தோழமை தேடிக்கொள்கிறாள். கதை முடிகிறது, மூளை முடக்குவாதம் அப்படியேதான் இருக்கிறது. அவள் மட்டும் வளர்ந்திருக்கிறாள்.

என் அக்கா மகள் காலில் காலிப்பர் போட்டிருப்பவள். வீட்டுக்கு வருகிறவர்கள், அவள் என்ன படிக்கிறாள் என்று கேட்பதற்கு முன்பே, "எப்போ சரியாகும்?" என்றுதான் கேட்கிறார்கள். அன்பால்தான் கேட்கிறார்கள். ஆனாலும் இன்றைக்கு அவள் வாழும் வாழ்க்கை அந்தக் கேள்விக்குள் எங்குமே இல்லை. பழைய கதைகளும் அவளிடம் இதையேதான் கேட்கின்றன. அவளுக்கோ வகுப்பில் யாரோடு உட்காருவது என்பதுதான் இப்போதைய கவலை.

இப்படி ஒரு குழந்தை வரும் கதைப் புத்தகத்தை வாங்கப் போகிறீர்களா? கடைசி அத்தியாயத்தை முதலில் புரட்டுங்கள். ஊன்றுகோலோடும் நாற்காலியோடும் அந்தப் பிள்ளை அங்கே மகிழ்ச்சியாக இருந்தால், தயங்காமல் வாங்கிக்கொடுங்கள்.