போகிப் புகையும் பால்வீதியும்

2018 போகியன்று விடிகாலை நாலரை மணிக்கு, அண்ணனை விமான நிலையத்தில் விட குரோம்பேட்டையிலிருந்து கிளம்பினேன். சாதாரண நாளில் ஜிஎஸ்டி ரோட்டில் பதினைந்து நிமிஷம். அன்றைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. தெருவுக்குத் தெரு பழைய பாயும் துடைப்பமும் டயரும் எரிந்துகொண்டிருந்தன. மார்கழிப் பனியில் புகை மேலே போகாமல் ரோட்டிலேயே தங்கிவிட்டது. ஹெட்லைட் வெளிச்சம் இருபது அடிக்கு மேல் போகவில்லை. முன்னால் இருபது அடி, பின்னால் இருபது அடி, பக்கத்திலும் அவ்வளவுதான். ஒரு வட்டம் எங்கள் காரோடு கூடவே நகர்ந்து வந்தது. அதன் நடுவில் நாங்கள் இரண்டு பேர், பேசாமல்.

பேசாததற்குக் காரணம் உண்டு. அம்மா போய் மூன்று வாரம்கூட ஆகவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று சாயங்காலமே வீட்டைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. அரை கிரவுண்டில் அப்பா கட்டிய வீடு. ஒன்பது வருஷம் அம்மாவைக் கூட இருந்து பார்த்துக்கொண்டவன் நான். சர்க்கரை, கண் ஆபரேஷன், கடைசி இரண்டு வருஷம் வாக்கர், ராத்திரியில் மூன்று தடவை எழுந்து பாத்ரூமுக்குக் கூட்டிப்போவது, எல்லாம். அண்ணன் அமெரிக்காவில். வீட்டுக் கடனின் பெரும்பகுதியை அடைத்ததும், மாதாமாதம் பணம் அனுப்பியதும் அவன். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அதுதான் பிரச்சினை.

அன்றைக்கு விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. அவனுடையதும் தாமதம். வெளியே நின்று காபி குடித்தோம். அப்போது அவன் சொன்னான். "விடுடா. இந்தப் பிரபஞ்சத்துல நாம எம்மாத்திரம்? பால்வீதியிலேயே சூரியன் ஒரு தூசு. அரை கிரவுண்டுக்கு நாம மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு..."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு உள்ளே சுரீரென்றது. என் ஒன்பது வருஷமும் தூசுதானே அப்போ? அதைக் கேட்கவில்லை. "சரி, பாத்துப் போ" என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் தேடித்தான் பால்வீதியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நான் அறிவியல் படித்தவனல்ல. எனக்குப் புரிந்த விதத்தில்தான் சொல்ல முடியும். எனக்குப் புரிவதெல்லாம் எலெக்ட்ரிக் ட்ரெயின்.

ஒரு ஒளியாண்டை ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பால்வீதி ஒரு தட்டையான வட்டு. விட்டம் ஏறத்தாழ ஒரு லட்சம் ஒளியாண்டு, நம் கணக்கில் 100 கிலோமீட்டர். மையத்தை பீச் ஸ்டேஷனில் வைத்தால் சூரியன் இருக்கும் இடம் சுமார் 26 கிலோமீட்டர் தள்ளி. ரயில் பாதைக் கணக்கில் அது குரோம்பேட்டையேதான் என்று சொல்லிவிடலாம். (இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.) வட்டின் விளிம்பு மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் வரும். சூரியனுக்கு அடுத்த நட்சத்திரம் நாலே கால் மீட்டர் தூரத்தில், எதிர் வீட்டு வாசலில். நெப்டியூன் வரைக்குமான நம் சூரியக் குடும்பம் மொத்தமும் ஒரு கசகசா மணி. வெறும் கண்ணால் நாம் பார்க்கும் நட்சத்திரங்களில் பெரும்பாலானவை பல்லாவரத்துக்கும் சானடோரியத்துக்கும் நடுவிலேயே முடிந்துவிடுகின்றன.

வட்டின் நடுவில் ஒரு புடைப்பு, அதற்குள் நீளவாக்கில் நட்சத்திரங்களால் ஆன ஒரு பட்டை. அதிலிருந்து சுருள் கைகள் பிரிகின்றன. நாம் இருப்பது பெரிய கை ஒன்றில்கூட இல்லை, ஓரியன் கை என்கிற ஒரு கிளையில். கைகள் என்றதும் ஏதோ கெட்டியான உறுப்பு என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. எம்.ஐ.டி. பக்கம் சாயங்காலம் ஆறு மணிக்கு நெரிசல் இருக்கிறதல்லவா, அதைப் போல. நெரிசல் அங்கேயே நிற்கும், வண்டிகள் மாறிக்கொண்டே இருக்கும். நட்சத்திரங்களும் அப்படித்தான் கைக்குள் நுழைந்து, மெதுவாகி, வெளியே போகின்றன. சூரியன் நொடிக்கு சுமார் 230 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அப்படி ஓடியும் ஒரு சுற்று முடிக்க இருபது கோடி வருஷத்துக்கு மேல். மையத்தில், நாற்பது லட்சம் சூரியன்களின் எடை கொண்ட ஒரு கருந்துளை. அதன் படம் 2022 மே மாதம் வெளியானது. வட்டைச் சுற்றி மேலும் கீழும் ஒரு பெரிய கோளமாக, வயதான நட்சத்திரங்கள் சிதறிக் கிடக்கும் வெளி. அங்கே லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் பந்துபோலத் திரண்ட கோளக் கொத்துகள் நூற்றைம்பதுக்கு மேல் உண்டு. இவ்வளவையும் கூட்டினாலும் மொத்த எடையில் சிறு பங்குதான். மீதி கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள். அது என்னவென்று இன்னும் யாருக்கும் தெரியாது.

இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். என்னை நிறுத்திவைத்தது வேறொன்று. நாம் இந்த வட்டுக்கு உள்ளேயே இருக்கிறோம். வெளியே போய் யாரும் படம் எடுத்ததில்லை. பின் எப்படித் தெரிந்தது நாம் இருப்பது பீச் ஸ்டேஷனில் இல்லை, குரோம்பேட்டையில் என்று?

ரொம்ப நாள் தெரியவில்லை. 1785-இல் வில்லியம் ஹெர்ஷல் இங்கிலாந்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு திசையிலும் தொலைநோக்கியைத் திருப்பி நட்சத்திரங்களை எண்ணினார். எல்லாப் பக்கமும் கிட்டத்தட்ட ஒரே தூரம் வந்தது. அப்படியானால் சூரியன் நடுவில். 1922-இல் நெதர்லாந்தின் காப்டைன் வாழ்நாள் முழுக்க உழைத்து, இன்னும் துல்லியமாக எண்ணி வெளியிட்ட வரைபடத்திலும் சூரியன் மையத்திலிருந்து வெறும் 2,000 ஒளியாண்டு தூரத்தில்தான் இருந்தது. அதே வருஷம் அவர் இறந்துபோனார்.

இரண்டு பேரும் எண்ணியதில் தவறில்லை. தவறு எண்ணாததில். நட்சத்திரங்களுக்கு நடுவே தூசு இருக்கிறது. எடையில் பார்த்தால் அங்கிருக்கும் வாயுவில் நூறில் ஒரு பங்கு, அவ்வளவுதான். ஆனால் பால்வீதியின் மையத்திலிருந்து கிளம்பும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் அதைத் தாண்டி நம்மிடம் வந்து சேர்கிறது. வட்டுக்குள் எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரு எல்லைக்கு மேல் தெரியாது. தெரிகிற வரைக்கும்தான் உலகம் என்று எடுத்துக்கொண்டால், பார்க்கிறவன் எப்போதும் நடுவில் இருப்பான்.

படித்துக்கொண்டிருந்தபோது சட்டென்று அந்தப் போகிக் காலை வந்து நின்றது. அந்த நேரத்தில் ஜிஎஸ்டி ரோட்டில் நூறு கார்கள் போயிருக்கும். நூறு கார்களும் தத்தம் வட்டத்தின் நடுவில்.

அதைவிட வேடிக்கை, மையம் இருப்பது தனுசு ராசிப் பக்கம், தென் வானத்தில். சென்னையில் அது பாதி வானத்துக்கு ஏறி வரும். காப்டைன் இருந்த குரோனிங்கனில் உச்சத்துக்கு வரும்போதுகூட அடிவானத்திலிருந்து எட்டு டிகிரிதான். வானிலேயே அவருக்கு அது ஒரு மூலை. வாணியம்பாடிக்குத் தெற்கே ஜவ்வாது மலையில் காவலூரைத் தொலைநோக்கிக்கு வைணு பாப்பு தேர்ந்தெடுத்ததில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. பூமத்திய ரேகைக்கு அருகே இருப்பதால் அங்கே வட வானமும் கிடைக்கும், தென் வானமும் கிடைக்கும்.

1918-இல் ஹார்லோ ஷாப்லி என்கிற அமெரிக்கர் வேறு வழி பிடித்தார். வட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிராமல், வட்டுக்கு மேலும் கீழும், தூசு குறைந்த இடத்தில் இருக்கும் கோளக் கொத்துகளைப் பார்த்தார். அவை நம்மைச் சுற்றிச் சமமாகப் பரவியிருக்கவில்லை. பெரும்பகுதி ஒரே திசையில், தனுசுப் பக்கம் குவிந்திருந்தன. அவை எதைச் சுற்றி நிற்கின்றனவோ அங்கேதான் மையம். அந்த மையம் நாமில்லை. தூசு இருப்பதையே ஒப்புக்கொள்ளாமல் தூரத்தை அவர் மூன்று மடங்குவரை கூட்டிவிட்டார் என்பது வேறு விஷயம். (தூசை நிரூபித்தது 1930-இல் டிரம்ப்ளர்.) சூரியனை நடுவிலிருந்து நகர்த்திய அதே ஷாப்லி, 1920-இல் நடந்த பெரிய விவாதத்தில், பால்வீதிக்கு வெளியே வேறு கேலக்ஸிகளே இல்லை என்று வாதாடினார். நான் நடுவில் இல்லை, சரி, ஆனால் என் வீட்டைத் தவிர வேறு வீடே கிடையாது என்பதுபோல. மனிதன் ஒரு தடவையில் ஒரு படிதான் இறங்குவான் போலிருக்கிறது.

இப்போது அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். நாம் சிறியவர்கள் என்பது ஒன்று. நாம் நடுவில் இல்லை என்பது வேறொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். சாவு வீட்டில், கல்யாணத் தகராறில், பங்கு பிரிக்கையில், 'அண்டத்தில் நாம் எம்மாத்திரம்' என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். அந்த அளவுகோலில் அரை கிரவுண்டு தூசு என்றால் அம்மாவும் தூசு, அவள் வலியும் தூசு, அண்ணன் அனுப்பிய டாலரும் தூசு. எல்லாவற்றையும் சமமாக அழித்துவிடும் கணக்கு எதையும் தீர்த்துவைக்காது. தனக்கு வசதியான இடத்தில் நிறுத்திக்கொள்கிறவர்களுக்குத்தான் அது உதவும். கசகசா சின்னது என்பதால் அதற்குள் நடப்பது பொய்யாகிவிடுமா?

நடுவில் இல்லை என்பது அப்படி எதையும் அழிப்பதில்லை. காப்டைன் எண்ணிய நட்சத்திரங்கள் அத்தனையும் இன்றும் அங்கேயேதான் இருக்கின்றன. ராத்திரி மூன்று தடவை நான் எழுந்ததும் நடந்ததுதான். வரைபடம்தான் தப்பு. பக்கத்தில் இருப்பவனுக்குத் தான் செய்ததெல்லாம் வெளிச்சமாகத் தெரியும். ஒரு எல்லைக்கு மேல் தூசு.

இந்த நியாயம் எனக்குத் தானாக வரவில்லை. அண்ணன் போன மறுமாதம் அம்மாவின் கணக்கு நோட்டுகளை எடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சாட்சி தேடித்தான் எடுத்தேன். பால், காஸ், கரண்ட் பில், மாத்திரை என்று அம்மா ஒவ்வொரு நாளும் எழுதுவாள். 'பெரியவன் பணம்' மாதம் ஒரு தடவை இருந்தது. 'சின்னவன்' என்று தேடினேன். ஆறு வருஷ நோட்டில் பத்துப் பதினைந்து இடம் இருக்கும், அதிலும் பாதி நான் கடன் வாங்கியது. பக்கத்துக்குப் பக்கம் இருந்தது வேறு ஒரு பெயர். பின்தெருவில் இஸ்திரி போடுகிறவரின் மகள். ஸ்கூல் பீஸ், ஜாமெட்ரி பாக்ஸ், கைடு, சுடிதார் துணி, ஒரு இடத்தில் 'கணக்குல 91' என்று மட்டும், பக்கத்தில் காசு எதுவும் இல்லாமல். நான் ஆபீஸிலிருந்து ஏழு மணிக்கு வருவேன். நாலிலிருந்து ஐந்தரை வரை அந்த வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரே கூரைக்குக் கீழே ஒன்பது வருஷம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் 1943-இல் ஒரு கணக்குப் போட்டார். நட்சத்திரக் கூட்டத்துக்குள் போகும் ஒரு நட்சத்திரத்தை மற்றவை ஒவ்வொன்றும் மிக மெல்லப் பின்னுக்கு இழுக்கின்றன. ஒரு இழுப்பு கணக்கிலேயே வராது. நெடுங்காலம் சேர்ந்தால் அதன் பாதையே மாறிவிடும். அந்த நோட்டை மூடிவைத்த ராத்திரி எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பதினாறாம் நாள் அன்று அந்தப் பெண் கேட்டுக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றிருந்தாள். பந்தியில் ஆள் குறையாகக் கிடந்த அவசரத்தில் நான் போய், "என்னம்மா, இஸ்திரி பாக்கியா?" என்று நூறு ரூபாயை நீட்டினேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அண்ணனுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன், நூறு ரூபாய் உட்பட. ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு கேட்டான். "அந்தப் பொண்ணு இப்ப என்னடா படிக்குது?"

எனக்குத் தெரியவில்லை. "கேட்டுச் சொல்றேன்" என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு பின்தெருவுக்குக் கிளம்பினேன்.