ஏற்கப்படாத சாட்சியம்

மனம் நலிந்த ஒருவர் தாம் பட்டதைத் தம் வாயாலேயே எடுத்துச் சொல்ல, அதனை நடிகர்கள் மேடையில் நடித்துக் காட்ட, ஊரார் அமர்ந்து பார்ப்பது முறையாகுமா? இவ்வாறு கேட்போர் இரு திறத்தார். குடும்பத்தின் மானம் போய்விடுமே என்று அஞ்சிக் கேட்போர் ஒரு திறத்தார். ஓர் எளிய மனிதரின் துயரம் பிறருக்குப் பொழுதுபோக்காகி விடுமே என்று இரங்கிக் கேட்போர் மற்றொரு திறத்தார். முதல் திறத்தாருக்கு விடை கூறுதல் எளிது. இரண்டாம் திறத்தாருக்கு விடை கூறுதல் அத்துணை எளிதன்று. அவர்கள் பொருட்டே இதனை எழுதப் புகுந்தோம்.

மனநோய்க்கு உலகம் சூட்டியிருக்கும் இழிவு அறியாமையினால் விளைந்தது என்றே பலரும் எண்ணுகின்றனர். நோயின் காரணங்களை விளக்கிச் சொற்பொழிவாற்றினால் இழிவு நீங்கிவிடும் என்பது அவர்தம் நம்பிக்கை. ஆனால் சற்றே சுற்றிப் பாருங்கள். நோயைப் பற்றி நன்கறிந்த, கற்றோர் நிறைந்த குடும்பங்களிலேதான் மருத்துவச் சீட்டு பீரோவின் அடித்தட்டில் மறைக்கப்படுகின்றது. பெண் பார்க்க வருவோரின் செவிக்கு எட்டாதவாறு ஒரு பிள்ளை வெளியூருக்கு அனுப்பப்படுகின்றது. ஆகவே இழிவின் வேர் வேறெங்கோ இருக்கின்றது.

அது எங்கே இருக்கின்றது? ஒருவரைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டால் அன்று முதல் அவருடைய சொல் சொல்லாக மதிக்கப்படுவதில்லை. சோற்றில் உப்பில்லை என்று அவர் சொன்னாலும் அது நோயின் பேச்சு. என்னை அடித்தார்கள் என்று சொன்னாலும் அது நோயின் பேச்சு. மருந்துண்டு தெளிந்து, வேலைக்குச் சென்று, நாலு பேரைப் போல வாழத் தொடங்கிய பின்னரும் அவர் சற்றே குரலை உயர்த்தினால், வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக் கொள்கின்றனர். அந்தப் பார்வைதான் நாம் கூறும் இழிவு. பிறருக்குள்ள கோபங்கொள்ளும் உரிமை கூட அவருக்கு இல்லாமற் போகின்றது.

மூவரிடமிருந்து எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்னும் கருத்தமைந்த நபிமொழியை நம்மில் அறியாதார் இலர். உறங்குபவர், சிறுபிள்ளை, சித்தம் கலங்கியவர் ஆகியோரே அம்மூவர். இவர்களை ஏன் ஒரே வரிசையில் வைத்தனர் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். உறங்கியவர் விழிப்பார், பிள்ளை வளர்ந்து பருவமெய்தும். அவ்வாறே சித்தம் கலங்கியவருக்கும் ‘தெளியும் வரை’ என்னும் எல்லையே வகுக்கப்பட்டது. ஃபிக்ஹு அறிஞர்களும் இடைவிடாது நீடிக்கும் சித்தக் கலக்கத்தையும், வந்து வந்து போகும் கலக்கத்தையும் வேறு பிரித்தே பேசினர். பின்னதில், தெளிந்திருக்கும் வேளையில் ஒருவர் செய்யும் கொடுக்கல் வாங்கலைத் தெளிந்தவரின் செயலாகவே கொண்டனர். கடமையின் சுமையை இறக்கி வைக்கக் கருணையோடு செய்யப்பட்ட ஏற்பாடு இது. நாமோ ‘தெளியும் வரை’ என்பதை மறந்துவிட்டு, அக்கருணையை ஆயுள் தண்டனையாக நீட்டிவிட்டோம்.

நீட்டியதன் விலையை 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் கண்டோம். தர்காவைச் சுற்றித் தனியார் நடத்தி வந்த மனநோயாளர் காப்பகங்களுள் ஒன்றில் விடியுமுன் தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பியோட இயலாமல் 28 பேர் மாண்டனர். நிம்மதி தேடிச் சமய வேறுபாடின்றி மக்கள் வந்து சேரும் இடம் அது. தர்காவுக்கு வருவோரின் நம்பிக்கையைப் பழிப்பது நம் நோக்கமன்று. துஆவுக்கும் சங்கிலிக்கும் தொடர்பேதுமில்லை. நாம் எண்ணிப் பார்ப்பது வேறொன்று. அவிழ்த்து விடுங்கள் என்று அம்மனிதர்கள் அந்த விடியற்காலையில்தானா முதன்முதலாகக் கேட்டிருப்பர்? எத்தனை நாள், எத்தனை பேரிடம் கேட்டிருப்பர்! கேட்டவர் செவியில் அது நோயின் பேச்சாகவே விழுந்தது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடுதலாகாது என்று தடுத்துவிட்டது. நல்லதே. ஆயினும் 2015-16இல் நிகழ்த்தப்பட்ட தேசிய மனநல ஆய்வு, நோயின் வகைக்கேற்ப நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையின்றி இருந்தனர் என்று கண்டது. மருத்துவர் குறைவும் மருந்துக் குறைவும் இதற்குக் காரணங்களே. ஆனால் தம் நோயை வாய்திறந்து சொன்னால் அதன்பின் தம் சொல்லுக்கே மதிப்பிராது என்று அறிந்தவர் எப்படி வாய்திறப்பார்?

இங்கேதான் நாடகம் வருகின்றது.

மனத்தின் புண்ணை நடித்துக் காட்டி ஆற்றலாம் என்னும் எண்ணம் புதிதன்று. வியன்னா நகரத்து மருத்துவர் மொரேனோ 1920களின் தொடக்கத்தில் எழுதிவைத்த வசனமில்லாத நாடகத்தைச் சோதித்துப் பார்த்தார். பின்னர் அமெரிக்கா சென்று அதனை ஒரு சிகிச்சை முறையாகவே வளர்த்தார். 1975இல் நியூயார்க் மாநிலத்தில் ஜானதன் ஃபாக்ஸ், ஜோ சாலஸ் என்னும் இருவர் ‘பிளேபேக் தியேட்டர்’ என்ற ஒரு வகையைத் தொடங்கினர். அது உலகின் பல நாடுகளுக்கும் பரவியது. சென்னையிலும் அத்தகைய குழுக்கள் தோன்றின. அது நடைபெறும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்லுதல் வேண்டும்; நம் வாதம் அதிலேதான் இருக்கின்றது.

மேடையில் ஜோடனை இல்லை. சில நாற்காலிகள், சில வண்ணத் துணிகள், ஓரத்தில் ஓர் இசைக் கலைஞர், அவ்வளவே. நடத்துநர் ஒருவர் அவையை நோக்கி, தம் வாழ்வில் நடந்ததைச் சொல்ல விரும்புவோரை அழைக்கின்றார். ஒருவர் எழுந்து சென்று அவர் பக்கத்தில் அமர்கின்றார். சில நிமிடங்கள் கேள்வியும் விடையுமாகக் கதை வெளிவருகின்றது. ‘உங்களாக நடிக்க இவர்களுள் யாரைத் தெரிவு செய்கிறீர்கள்?’ என்று நடத்துநர் கேட்கின்றார். கதை சொன்னவர் ஒரு நடிகரைச் சுட்டிக் காட்டுகின்றார். ஒத்திகையின்றி, எழுத்தின்றி, நடிகர்கள் அப்போதே அதனை நடிக்கின்றனர். சொன்னவர் மேடையோரத்திலேயே அமர்ந்து தம் வாழ்வைத் தாமே பார்க்கின்றார். நடித்து முடித்ததும் நடிகர்கள் அவைக்கு வணக்கம் செலுத்துவதில்லை. திரும்பிக் கதை சொன்னவரைப் பார்க்கின்றனர். இறுதிச் சொல் அவருடையது.

இதில் நடிப்புத் திறன் எவ்வளவு என்பது நமக்குப் பெரிதன்று. பல வேளைகளில் அது சுமாராகவும் இருக்கலாம். பல்லாண்டுகள் எவரும் செவிமடுக்காத ஒருவர் பேசினார். நாலைந்து பேர் அதைத் திருப்பி நடித்துக் காட்டக் கூடிய அளவுக்கு ஊன்றிக் கேட்டனர். கேட்டதற்கு இதனினும் சான்று வேண்டுமா? அவையில் அமர்ந்திருப்போர் நூறு பேரானால், அவர் சொல் ஏற்கப்பட்டதற்கு நூறு சாட்சிகள்.

இழிவைக் குறைக்கும் வழிகளைப் பற்றிய பல ஆய்வுகளை அமெரிக்க அறிஞர் பாட்ரிக் காரிகன் முதலியோர் 2012இல் ஒன்றுதிரட்டிப் பார்த்தனர். வளர்ந்தோரிடத்தில் பாடம் புகட்டுவதைக் காட்டிலும், நோயில் வாழ்ந்தவரை நேரிற் கண்டு அவர் சொல்வதைக் கேட்பதே மிகுந்த பயன் தந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. வளரிளம் பருவத்தாரிடத்திலோ பாடமே கூடுதல் பயன் தந்தது. எனவே சொற்பொழிவாளர்கள் மனந்தளர வேண்டியதில்லை. பள்ளிக்கூடங்கள் அவர்களுக்கு உண்டு.

இனி, இரக்கத்தோடு கேட்டவர்களிடம் வருவோம். அவர்களுடைய அச்சத்துக்கு வரலாறு துணை நிற்கின்றது. இலண்டனின் பெத்லம் மனநோய் மருத்துவமனைக்குப் பதினெட்டாம் நூற்றாண்டில் மக்கள் காசு கொடுத்து வேடிக்கை பார்க்கச் சென்றனர். 1770இல்தான் அதற்குக் கட்டுப்பாடு வந்தது. நம் திரைப்படங்களும் கிழிந்த சட்டையையும் உளறலையும் காட்டி எத்தனை முறை கைத்தட்டல் வாங்கியிருக்கின்றன! பெத்லத்திலும் துன்புறுவோர் இருந்தனர், பார்ப்போர் இருந்தனர். இந்த மேடையிலும் அவ்வாறே. அப்படியாயின் வேறுபாடு யாது?

பெத்லத்தில் இருந்தவரிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை என்பது உடனே தோன்றும் விடை. ஆனால் அனுமதி என்பதும் மயக்கந்தரும் சொல்லே. ஒரு காப்பகத்தில் உண்டு உறங்கும் ஒருவரிடம், அக்காப்பகத்துக்கு நன்கொடை வழங்குவோர் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் விழாவில், உன் கதையைச் சொல்வாயா என்று நிர்வாகி கேட்கின்றார் என்று வைத்துக் கொள்வோம். அவர் தலையசைப்பார். வேறென்ன செய்வார்? மறுக்க இயலாத இடத்தில் பெறும் சம்மதத்தைச் சம்மதம் என்று நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். சிகிச்சை பெறுபவரின் படத்தையோ தகவலையோ அவர் இசைவின்றிச் செய்தித் துறைக்குக் கொடுத்தலாகாது என்று மேற்சொன்ன சட்டம் கூறுகின்றது. அவர் எந்த நிலையில் நின்று இசைந்தார் என்பதைச் சட்டத்தால் முழுதும் அளக்க முடியாது. ஒருவர் நம்மிடம் ஒப்படைத்த கதை அமானிதம். கொடுத்தவர் திரும்பக் கேட்டால் திருப்பித் தர வேண்டியது அது. நேற்றுச் சொன்னவர் இன்று வேண்டாம் என்றால், விளம்பரத் தாள் அச்சாகிவிட்டது என்று சொல்லிக் கொண்டிருத்தல் தகாது.

ஒருவருக்கொருவர் மூன்று தலைமுறை தெரிந்த சிற்றூரில் இந்த மேடையை நேரே கொண்டுபோய் வைப்பதும் நமக்கு உடன்பாடன்று. அங்கே வேறொரு வழி பொருந்தும். யாழ்ப்பாணத்தில் போர் உக்கிரமாயிருந்த 1991இல், குழந்தை ம. சண்முகலிங்கம் ‘அன்னை இட்ட தீ’ என்னும் நாடகத்தை எழுதினார். பட்டினத்தார் பாடலை நினைவூட்டும் அத்தலைப்பின் கீழ், போர் மக்கள் மனத்தில் விளைத்த காயங்கள் மேடையேறின. ஊரே காயப்பட்டிருக்கையில் தனியொருவரைச் சுட்டிக் காட்ட வேண்டிய தேவை எழவில்லை. பார்த்தவர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டை அதிலே காணலாம். அது இன்னார் கதை என்று பக்கத்து வீட்டைக் காட்ட இயலாது.

இன்னும் ஒரு முடிச்சு இருக்கின்றது. தம் நோயைச் சொல்பவர் தம்மை மட்டும் சொல்வதில்லை. அறைக்குள் வைத்துப் பூட்டிய அண்ணனையும், மந்திரிக்க அழைத்துச் சென்று கைவிட்டுத் திரும்பிய தாயையும் சேர்த்தே சொல்கின்றார். இது புறம்பேசுதல் ஆகாதா? அநீதிக்குள்ளானவர் முறையிடுவது புறம்பேசுதலில் சேராது என்று இமாம் நவவி முதலிய அறிஞர்கள் விதிவிலக்குக் கூறியுள்ளனர். ஆனால் அவ்விலக்கு, அநீதியைத் தடுக்க வல்லவரிடம் முறையிடுவதற்கே உரியது. நாடக அவை நீதிபதியன்று. ஆதலின் பெயரும் தெருவும் உறவின் அடையாளமும் மேடையில் ஒலித்தல் கூடாது என்றே நாம் கருதுகின்றோம். அதற்கு மேலும் ஒன்று உண்டு. பூட்டிய அண்ணனாகவும் ஒரு நடிகர் நடித்தாக வேண்டும். கையில் சாவியுடன் நிற்கும் அவர், அண்ணனை வில்லனாக்கி எளிதில் தப்பித்துவிட முடியும். வழிகாட்ட ஆளின்றி, இரவெல்லாம் விழித்திருந்து, தம்பி கிணற்றில் விழுந்துவிடுவானோ என்று நடுங்கிய மனிதராகவும் காட்ட முடியும். எது உண்மை என்பதை நடிகர் தீர்மானிப்பதற்கில்லை. நடித்து முடித்ததும் நடத்துநர் கதை சொன்னவர் பக்கம் திரும்பி, ‘இப்படித்தான் இருந்ததா?’ என்று கேட்பார். ‘இல்லை, பூட்டும்போது அண்ணன் அழுதார்’ என்று அவர் சொல்வாராயின், நடிகர்கள் மீண்டும் எழுந்து அதனை அழுகையோடு நடிக்க வேண்டியதுதான்.