கடவுள் மாற்றாத பெருக்கல்

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று ராஜாவிடம் கேட்ட கதை எல்லோருக்கும் தெரியும். பலகையில் 64க்குப் பதில் 67 கட்டங்கள் இருந்திருந்தால் மொத்த நெல் 147573952589676412927. இரண்டின் 67ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. இந்த நெல்லை மிச்சமில்லாமல் சம வரிசைகளாகப் பரப்ப முடியுமா? ஒரே நீள வரிசையாகத்தான் வைக்க முடியும் என்றால் அது பகா எண்.

மாரின் மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1644இல் இதைப் பகா எண் பட்டியலில் சேர்த்தார். பகு எண்தான் என்று 1876இல் எதுவார் லூக்கா நிரூபித்தார். ஆனால் எதனால் வகுபடும் என்பதை அவர் முறை காட்டவில்லை. 1903இல் நியூயார்க்கில் ஒரு கணிதக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் 193707721ஐ 761838257287ஆல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டினார். வாய் திறக்கவே இல்லையாம். மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குச் செலவானதாகச் சொல்வார்கள். பாதிரியாரின் தப்பைத் திருத்த ஞாயிறுதான் கிடைத்ததா!

இதே மெர்சென்னுக்கு 1630இல் தத்துவஞானி தெகார்த் எழுதிய கடிதங்கள்தான் என்னைத் தூங்கவிடாதவை. ராஜா சட்டம் போடுவதைப்போலக் கணித உண்மைகளையும் கடவுளே விதித்தார் என்கிறார். வட்டத்தின் ஆரங்கள் சமமாக இல்லாதபடி செய்யவும் அவருக்குச் சுதந்திரம் இருந்ததாம். இல்லாவிட்டால் கடவுள், விதிக்கு அடங்கிய ரோமானியத் தெய்வம் ஜூபிடர் மாதிரி ஆகிவிடுவார் என்பது தெகார்த்தின் கவலை.

நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன். திருநீறு பூசாமல் வகுப்புக்குப் போனதில்லை. ஆனாலும் அந்தக் கவலை எனக்கு வரவில்லை. கோலின் பெருக்கலை ஒரு நீள நோட்டில் நானும் போட்டுப் பார்த்தேன். ஒன்றை ஏழால் பெருக்கினால் ஏழு. கடைசி இலக்கம் முடிந்தது. அங்கிருந்து ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டே போகிறது. கடவுள் எந்த இடத்தில் குறுக்கிடுவார்? எங்காவது ஏழும் ஒன்றும் எட்டில்லை என்று ஆக்கியாக வேண்டும். அப்போது கூட்டலே போய்விடும். மிஞ்சுவது இந்த எண்ணின் பெயரைச் சுமக்கும் வேறு ஏதோ ஒன்று.

பரீட்சை எழுதி முடித்த பிறகு, விடை சரியாக இருக்க வேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொள்ளும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். தாளில் உள்ள மையை அவர் மாற்றலாம், திருத்துகிறவர் மனசையும் இளக்கலாம். கணக்கை மாற்றச் சொன்னால் அங்கே அவர் செய்வதற்கு ஒரு காரியமும் இல்லை. இயலாமை என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எண் எல்லாம் மனுஷன் கட்டியது, கடவுளை ஏன் இழுக்கிறீர்கள் என்று என் மருமகன் கேட்பான். 1876க்கும் 1903க்கும் இடையில் அந்த இரண்டு எண்களும் இந்த எண்ணை வகுப்பது எந்த மனுஷன் தலையில் இருந்தது? வகுக்கும் எண்கள் உண்டு என்பது நிச்சயம். எவை என்று ஒருவருக்கும் தெரியாது. கடவுளின் அறிவில் இருந்தன என்றே நம்புகிறேன். அவர் விருப்பப்பட்டு அப்படி வைத்தார் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. இந்த விஷயத்தில் 1714இல் தத்துவஞானி லைப்னிட்ஸ் தெகார்த்தை மறுத்து எழுதியதன் பக்கமே நான்.