சொல்லாத நாட்கள்

பாஸ்டனில் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்திலும் அதை ஒட்டிய குழந்தைகள் மருத்துவமனையிலும் சிகிச்சை பெற்று இறந்த குழந்தைகளின் பெற்றோர் 103 பேரைப் பேட்டி கண்டு மருத்துவர் ஜோவான் உல்ஃப் குழு எழுதிய ஆய்வு 2000-இல் வந்தது. அதில் இரண்டு எண்கள். இனிக் குணமாக்க வழியில்லை என்பது மருத்துவரின் குறிப்பேட்டில் பதிவானது, இறப்புக்குச் சராசரியாக 206 நாள் முன்பு. பெற்றோருக்கு அது புரிந்தது 106 நாள் முன்பு.

இடையில் நூறு நாள். அத்தனை நாளும் இரு தரப்பும் ஒரே வார்டில்தான் பார்த்துக்கொண்டார்கள். ரத்த அணுக்கள் கொஞ்சம் ஏறியிருக்கும். ஜுரம் இறங்கியிருக்கும். அதையெல்லாம் பேசியிருப்பார்கள், அவற்றில் பொய் எதுவும் இருந்திருக்காது. மருத்துவர் சொல்லவில்லையா, சொன்னது காதில் ஏறவில்லையா என்பதை எண்கள் சொல்வதில்லை. இரண்டும் நடந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

*

மூளைத்தண்டில் பரவலாக ஊடுருவி வளரும் ஒருவகைக் கட்டி உண்டு. கத்தி வைத்து எடுக்க முடியாத இடம். கதிர்வீச்சு கொடுத்தால் பல குழந்தைகளுக்குத் தள்ளாட்டம் குறைகிறது, குழறிய பேச்சு தெளிகிறது. சில மாதங்களில் கட்டி திரும்பிவிடும். பெரும்பாலான குழந்தைகள், நோய் தெரிந்து ஓராண்டையொட்டி இறந்துவிடுகிறார்கள். பிள்ளை எழுந்து நடக்கும் அந்த நல்ல மாதங்களில்தான் அடுத்து வருவதைப் பேசியாக வேண்டும். வீடு சிரிக்கிற நேரத்தில் எந்த மருத்துவருக்கு வாய் வரும்?

*

வலிதணிப்பு மருத்துவர்கள் பலர், சொல்வதற்கு முன் கேட்கிறார்கள். “இதுவரை என்ன புரிந்திருக்கிறது? எதை எதிர்பார்க்கிறீர்கள்?” முதல் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: பிழைக்க வேண்டும். அதை மறுக்காமல், “எங்களுக்கும் அதே ஆசைதான், வேறென்ன?” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். அந்த இரண்டாவது கேள்வியிலிருந்துதான் வேலை தொடங்குகிறது. வலி இருக்கக்கூடாது. வீட்டுக்குப் போக வேண்டும். தம்பி பிறந்தநாளுக்கு எழுந்து உட்கார வேண்டும். இவை மருத்துவத்தால் ஆகக்கூடியவை. மார்ஃபின் அளவை வீட்டிலேயே கொடுக்கும்படி சீராக்கலாம். ரத்தம் ஏற்றும் நாளைப் பிறந்தநாளுக்கு முந்தைய நாளாக வைக்கலாம்.

உண்மையைச் சொன்னால் நம்பிக்கை உடைந்துவிடும் என்ற அச்சத்துக்கு மருத்துவர் ஜெனிஃபர் மேக் 2007-இல் வெளியிட்ட ஆய்வு எதிராக நிற்கிறது: குணமாகும் வாய்ப்பு குறைவாக இருந்தபோதும், விவரமாகச் சொல்லப்பட்ட பெற்றோரிடமே நம்பிக்கை அதிகம் காணப்பட்டது. இதை வாசித்தபோது எனக்கு வியப்பு வரவில்லை. தெரியாத ஒன்றின் நடுவே நிற்பதைப் போன்ற தனிமை வேறில்லை.

*

குழந்தைகளுக்குத் தெரியாது என்பது பெரியவர்கள் தங்களுக்கே சொல்லிக்கொள்வது. மானுடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர், ரத்தப் புற்றுநோய் வார்டில் சிறுவர்களோடு பழகி 1978-இல் எழுதிய நூலில் காட்டுவது இதுதான்: யாரும் சொல்லாமலே அவர்கள் அறிந்திருந்தார்கள். இறந்த தோழர்களைப் பற்றிய பேச்சையும் அவர்களின் பொருள்களையும் தவிர்த்தார்கள். அம்மா அப்பாவுக்காக, தெரியாததுபோல இருந்தார்கள்.

*

ஸ்வீடனில் 1992 முதல் 1997 வரை புற்றுநோயில் பிள்ளையை இழந்த பெற்றோரிடம் ஆய்வாளர் உல்ரிகா கிரெய்க்பெர்க்ஸ் குழு கேட்டது: மரணத்தைப் பற்றிப் பிள்ளையிடம் பேசினீர்களா? பேசியவர்கள் 147 பேர், ஒருவர்கூட வருந்தவில்லை. பேசாத 258 பேரில் 69 பேர் வருந்தினார்கள். மற்றவர்கள் வருந்தவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். எல்லோரையும் பேசவைப்பது மருத்துவரின் வேலை அல்ல. ஆனால் ஒரு தாய், “இவனுக்குத் தெரிந்துவிட்டதோ?” என்று கேட்டால், அந்தக் கேள்வியை மருத்துவர் நழுவவிடக் கூடாது. தம் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது என்று உணர்ந்தும் பேசாமல் இருந்த பெற்றோரில் 47 சதவீதம் பேர் பிற்பாடு வருந்தினார்கள்.